மாலை வகுப்புப் பிள்ளைகள்: சுண்டல் முதலில், மார்க் பிறகு

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊர்ச் சமுதாயக்கூடத்தில், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மாலை 5.30 முதல் 7.30 வரை இலவச வகுப்பு நடத்துகிறீர்கள். பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள், போனை நோண்டுகிறார்கள், பாதிப் பேர் பிந்தி வருகிறார்கள். டெஸ்டில் பத்துக்கு ஏழு எடுத்தவர்களுக்கு மட்டும் பப்ஸும் ஜூஸும் வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். முதல் வாரம் நடந்தது, பிறகு படுத்துவிட்டது. என்ன விதி வைக்கலாம், என்ன தீனி கொடுக்கலாம், எப்படி ஊக்கப்படுத்தலாம் என்பது கேள்வி.

முதல் வேலையாக மார்க்குக்குப் பப்ஸ் கொடுப்பதை நிறுத்துங்கள். தீனி எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, வகுப்பு தொடங்கும் முன்பே உண்டு, அதற்கு நிபந்தனை கிடையாது. உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் இந்த ஒரு மாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பள்ளியில் மதியச் சாப்பாடு ஒரு மணி வாக்கில் முடிந்துவிடும். உங்களிடம் வரும்போது ஐந்தரை. நடுவில் நாலரை மணி நேரம், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு வேறு. காலையிலும் பல பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்காது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கிடையாது. பதினைந்து வயதில் உடம்பு வளர்கிற வேகத்துக்கு நாலரை மணி நேரம் பெரிய இடைவெளி. நீங்கள் சோம்பல் என்று நினைப்பது பல நேரம் பசிதான். காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கியது, அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில். பள்ளிக்கு வந்த ஏழைப் பிள்ளைக்குச் சோறு, அவ்வளவுதான் நிபந்தனை. எத்தனை மார்க் என்று இலை போடும்போது யாரும் கேட்கவில்லை.

மார்க்குக்குத் தீனி என்று வைத்தால், ஏழு எடுக்காத பிள்ளை பசியோடு உட்கார்ந்து மற்றவன் தின்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு வாரம் அப்படி உட்கார்ந்த பிள்ளை மூன்றாம் வாரம் வயிற்றுவலி என்று நின்றுவிடும். நமக்கு யார் வரவேண்டுமோ அந்தப் பிள்ளைதான் முதலில் நிற்கும். ஏழு எடுக்கிற பிள்ளைக்கும் அது நல்லதில்லை. அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் தானாகவே ஆசை உள்ள சின்னப் பிள்ளைகளில் சிலரிடம் ‘வரைந்தால் பரிசு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாக வரைந்தார்கள். பரிசை எதிர்பார்க்காத பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு வரவில்லை. உங்கள் பப்ஸ் முதல் வாரம் நடந்து பிறகு படுத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கும்.

இனி என்ன கொடுப்பது. தினமும் கட்டுப்படியாகிற தீனியில் சுண்டலை மிஞ்சியது இல்லை. முப்பது பேருக்குக் கருப்புக் கொண்டைக்கடலை 1 கிலோ போதும். ஊறி வெந்தபின் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு பிள்ளைக்கு எழுபது கிராம், அதாவது ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. பப்ஸில் இருப்பது பெரும்பாலும் மைதாவும் கொழுப்பும்தான்.

காலை எட்டு மணிக்கு ஊறப்போட்டால் மாலை நாலு மணிக்கு வேகவைக்கச் சரியாக இருக்கும். முந்தின ராத்திரியே போட்டு மறுநாள் மாலைவரை விட்டுவிட்டால், பங்குனி சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும். அதற்குப்பின் எத்தனை தண்ணீரில் அலசினாலும் சுண்டலில் அந்த வாடை போகாது. ராத்திரி போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். மாலைக்குள் முளை எட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலை மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கிற அளவு புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு தலைதட்டி நாலு டீஸ்பூன். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. பயறு வகைகள் வேகும்போது நுரை கட்டும். நுரையோடு தோலும் மேலேறி வெயிட் போடுகிற குழாயை அடைத்தால் ஆபத்து. ஐந்து லிட்டர் குக்கர்தான் இருக்கிறது என்றால் இரண்டு தடவையாக வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இன்னும் நாலு விசில், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் தோல் ஒருபக்கம் பருப்பு ஒருபக்கம் என்று பிரிந்துவிடும்.

கடலை வேகவில்லை என்றால் மூன்று காரணம்: கடலை பழசு, ஊறியது போதவில்லை, தண்ணீர் உப்புத்தண்ணி. தாமிரபரணித் தண்ணீர் வருகிற உங்கள் ஊரில் மூன்றாவது தொல்லை இருக்காது. போர் தண்ணீரை நம்பியிருக்கிற ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன்: கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் கடலைத் தோலை இறுக்கிவிடும். ஊறப்போடும்போது கிலோவுக்கு அரை டீஸ்பூன் ஆப்பசோடா போட்டு, வேகவைக்கும் முன் நன்றாக அலசிவிடுங்கள். புளிப்பு எதையும் வேகும் முன் சேர்க்கக் கூடாது, அதுவும் கடலையை வேகவிடாது.

தாளிக்க எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கடுகு, உளுந்தம்பருப்பு, மிளகாய் வத்தல் எட்டு, கறிவேப்பிலை, பெருங்காயம். தேங்காய் அரை மூடி போதும், ஆனால் பரிமாறுகிற நேரத்தில்தான் துருவிப் போடவேண்டும். முன்னாடியே கலந்து மூடிவைத்தால் வெயில் நாளில் சீக்கிரமே நூல் விட ஆரம்பித்துவிடும். கடைசியில் மூன்று எலுமிச்சம்பழம் பிழியுங்கள். மாங்காய்க் காலம் என்றால் பொடிப்பொடியாக நறுக்கிய மாங்காய். இது ருசிக்காக மட்டும் சொல்வதில்லை. கடலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும்; அதே நேரத்தில் டீ குடித்தால் சேராமல் தடுக்கும். பதின்வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ரத்தசோகை நம்ம பக்கம் சாதாரணமாகக் காண்கிற சங்கதி. ஆகவே சுண்டலோடு டீ வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

தினமும் கொண்டைக்கடலை என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கும். தட்டப்பயறு, பாசிப்பயறு இரண்டும் சீக்கிரம் வேகும், இரண்டு மூன்று விசில் போதும். அவித்த நிலக்கடலை கொடுக்கும் முன் எந்தப் பிள்ளைக்காவது கடலை ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சிரைப்போ வருமா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். வாரம் ஒருநாள் கருப்பட்டி அவல் வைக்கலாம்: கெட்டி அவல் ஒன்றேகால் கிலோ, கருப்பட்டி அரைக் கிலோ, தேங்காய் ஒரு மூடி. அவலைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், களியாகிவிடும். அலசி, வடிதட்டில் பத்து நிமிடம் விட்டால் தானே மெதுவாகும். கருப்பட்டியை நொறுக்கி ஒரு தம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஆறியபின் கலக்கவேண்டும். வடிகட்டாவிட்டால் மண் பல்லில் நறநறக்கும். ஒருதரம் அப்படி ஆனால் பிள்ளைகள் மறுதரம் தொடாது. ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சுக்குக் கருப்பட்டிக் காப்பி. அதில் பால் வேண்டாம், கொதிக்கிற கருப்பட்டித் தண்ணீரில் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். தை மாதம் பனங்கிழங்கு மலிவாக வரும். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தும்பையும் நடுக்குருத்தையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். பங்குனி சித்திரையில் மோர், கிடைத்தால் நுங்கு.

எதில் கொடுப்பது என்பதும் முக்கியம். நியூஸ்பேப்பரில் மடித்துக் கொடுக்காதீர்கள், சூட்டில் அச்சு மை சுண்டலில் ஏறும். பிள்ளைகளே ஆளுக்கொரு கிண்ணம் கொண்டுவரட்டும், தின்றதும் தானே கழுவி வைக்கட்டும். கைகழுவ வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும். 5.30க்குப் பரிமாற ஆரம்பித்தால் 5.45க்கு முடிந்துவிடவேண்டும். வகுப்பு முடிந்தபின் கொடுக்கிற தீனியால் படிப்புக்கு லாபம் இல்லை, ராத்திரிச் சாப்பாட்டையும் கெடுக்கும். கடைப் பாக்கெட்டைத் திங்காதே என்று உபதேசமும் தேவையில்லை. வயிறு நிறைந்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் பாக்கெட் தேடாது.

விதிக்கு வருகிறேன். சுவரில் பன்னிரண்டு விதி எழுதி ஒட்டினால் ஒன்றும் நிற்காது. நாலு போதும்: 5.45க்குப் போர்டில் உள்ள கேள்வியை எழுத ஆரம்பிக்கவேண்டும், போன் பெட்டிக்குள் போகவேண்டும், தெரியவில்லை என்று யார் சொன்னாலும் யாரும் சிரிக்கக் கூடாது, 7.30க்கு வகுப்பு முடியும். நாலாவது உங்களுக்கான விதி. ‘இன்னும் பத்து நிமிசம்’ என்று இழுத்தால் ஏழே முக்கால் பஸ் போய்விடும், இருட்டில் பெண்பிள்ளை நிற்கும், மறுநாள் வீட்டில் அனுப்பமாட்டார்கள். பெரியவர் தன் விதியைக் காப்பாற்றுவதைப் பார்த்தால்தான் மற்ற மூன்றையும் பிள்ளைகள் மதிப்பார்கள்.

பிந்தி வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள். வீட்டில் பீடி சுற்றுகிற அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுத்துவிட்டு ஓடிவருகிற பிள்ளை உண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறவன் உண்டு. உள்ளே வந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, போர்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தால் சரி. போர்டில் கேள்வி தயாராக இருப்பதால் ‘என்ன நடக்குது’ என்று பக்கத்தில் கேட்டு வகுப்பைக் கலைக்கத் தேவையிருக்காது. வாரத்தில் மூன்று நாள் பிந்தினால் தனியாகக் கூப்பிட்டு, ‘எய்யா, வீட்டுல என்ன சோலி?’ என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால் நேரத்தை மாற்றிக் கொடுக்கலாம்.

அபராதம் வேண்டாம். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைக் கூப்பிடப் பிந்தி வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். நீசி, ருஸ்டிகினி இருவரும் 2000இல் அதை வெளியிட்டார்கள். பிந்தி வருகிறவர்கள் அதிகமானார்கள். அபராதத்தை எடுத்தபிறகும் குறையவில்லை. காசு கட்டிவிட்டால் தப்பு நேராகிவிட்டது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. அடியும் வேண்டாம். பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. பள்ளிக்குக் கூடாதது நம் வகுப்புக்கும் கூடாது.

போன் பெட்டிக்கு மூடி இருக்கட்டும், உங்கள் போனும் அதற்குள் போகட்டும். வீட்டிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிட ஒரே ஒரு எண், வகுப்பில் உதவிக்கு இருக்கிற பெரியவர் ஒருவருடையது, எல்லா வீட்டிலும் இருக்கவேண்டும். இது இல்லாமல் போனைப் பிடுங்கினால் பெற்றோர்தான் முதலில் சண்டைக்கு வருவார்கள், அது நியாயமும்கூட.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதைச் சுவரில் எழுதாமல் செய்துகாட்டவேண்டும். நம்ம மாவட்டத்தில் கையில் கட்டுகிற கலர்க் கயிறு சாதியைச் சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், சாதியின் பேரால் மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளிக்குள் அனுமதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. உங்கள் கூடத்தில் தெருவாரியாகப் பிள்ளைகள் உட்கார ஆரம்பித்த அன்றே மாற்றுங்கள். இடத்தைத் திங்கட்கிழமைதோறும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சுண்டல் ஒரே சட்டியிலிருந்து, பரிமாறுகிற இரண்டு பேர் நாளுக்கு நாள் மாறவேண்டும், ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது. யாராவது ‘இவன் கையால வேண்டாம்’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், ‘இங்க அந்தப் பேச்சு இல்ல’ என்று நிறுத்திவிடுங்கள். அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுங்கள். இதில் மட்டும் விட்டுப்பிடிப்பது கூடாது.

ஊக்கம். பெரிய ஆட்களின் கதை, கலெக்டர் ஆகலாம் என்ற பேச்சு, இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. ‘என்னால் முடிகிறது’ என்று பிள்ளை தன் கையெழுத்திலேயே பார்க்கிற அன்றுதான் மறுநாள் தானாக வரும். அதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கே சரியான இடம், ஏனென்றால் முக்கால்வாசிப் பிள்ளைகள் பயப்படுவது அங்கேதான். நூறு மார்க்கில் வடிவியல் 8, வரைபடம் 8. ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் கேள்வியில் பதினாலில் பத்து எழுதினால் போதும். வடிவியலும் வரைபடமும் முழுசாக வந்தால் 16, ஒரு மார்க்கில் பத்து சரியானால் 26, இரண்டு மார்க்கில் ஐந்து வந்தால் 36. பாஸ் 35. இந்தக் கூட்டலைப் போர்டில் போட்டுக் காட்டுங்கள். ‘கணக்கே வராது’ என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளை அப்போது நிமிர்ந்து பார்க்கும்.

வரைபடத்தில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் அது தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும். எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 12 என்ற இருபடிக் கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸுக்கு −5 முதல் 4 வரை போட்டால் விடைகள் 8, 0, −6, −10, −12, −12, −10, −6, 0, 8. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். நம் பிள்ளைகள் வழுக்குகிற இடம் −3இன் வர்க்கம். அதை 9 என்று போடாமல் −9 என்று போட்டுவிடும். அப்போது −6 வரவேண்டிய இடத்தில் −24 வரும். வரிசை இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது, புள்ளி வைத்தால் வளைவு ஒடிந்து கீழே தொங்கும். நீங்கள் சிவப்பு மையைத் தொடவேண்டாம். ‘ரெண்டு பக்கமும் ஒத்துப்பாரு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிள்ளை தானே கண்டுபிடித்து அழித்துத் திருத்துகிற அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும். வளைவு எக்ஸ் அச்சை வெட்டுகிற −4, 3 இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். அளவுத்திட்டம் எழுத மறப்பது, அச்சுகளுக்குப் பெயர் போடாதது, மழுங்கின பென்சிலால் பட்டைக் கோடு போடுவது, இந்த மூன்றிலும் மார்க் சும்மா போகும். வாரத்துக்கு ஒரு வகை: நேர் மாறுபாடு, எதிர் மாறுபாடு, இருபடிச் சமன்பாடு. அதன்பின் வடிவியலில் ஒத்த முக்கோணம், உச்சிக்கோணம் கொடுத்த முக்கோணம், தொடுகோடு. உதவிப் படம் முதலில், பிறகுதான் காம்பஸ்.

ராங்க் பட்டியல் சுவரில் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் கடைசிப் பக்கத்தில் தேதி, போட்ட கணக்கு, சரியான கணக்கு என்று மூன்று கட்டம் இருக்கட்டும். அதைப் பிள்ளையும் நீங்களும் பார்த்தால் போதும். பாராட்டும்போது எது நன்றாக இருந்ததோ அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ‘கெட்டிக்காரப் பய’ என்றால் அடுத்த தடவை தப்பு வந்ததும் அந்தப் பட்டம் போய்விடுமே என்று பயந்து கஷ்டமான கணக்கைத் தொடமாட்டான். ‘அட்டவணையை ரெண்டு தரம் சரிபாத்திருக்கே, அதான் வளைவு நேரா வந்திருக்கு’ என்றால் நாளைக்கும் அதைச் செய்வான். மாதம் ஒருதரம் வீட்டுக்கும் இப்படி ஒரு நல்ல சேதி போகட்டும்: ‘யக்கா, உங்க மக இந்த வாரம் ஆறு வரைபடமும் தானா போட்டுட்டா.’ சில வீடுகளில் பள்ளியிலிருந்து புகார் மட்டுமே போய்ப் பழகியிருக்கும்.

வெள்ளென நாலு மணிக்கு எழுந்து படி என்பதை யோசித்துச் சொல்லுங்கள். பதின்வயதில் தூக்கம் வருகிற நேரம் இயல்பாகவே தள்ளிப்போகும், எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழுகிற பிள்ளை உங்கள் வகுப்பில் தூங்காமல் என்ன செய்யும்? ஒன்பதுக்குப் படுக்கிற வீடு என்றால் ஐந்துக்கு எழலாம், இல்லையென்றால் ஆறே நல்லது.

கடைசியாகக் கோவில் கொடைத் திருவிழாவும் பங்குனி உத்திரமும். ஊரில் கொடை என்றால் மூன்று நாள் பிள்ளைகள் வராது. வரச்சொல்லிக் கண்டிப்பதைவிட அந்த வாரத்துக்குப் புதுப்பாடம் வைக்காமல் விடுவதே மேல். பங்குனி உத்திரம் பொதுத்தேர்வை ஒட்டியோ தேர்வுக்கு நடுவிலோ வரும். நம்ம பக்கத்துக் குடும்பங்கள் எங்கே இருந்தாலும் அன்று அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்குப் போகும், போகாதே என்று சொல்லிப் பயனில்லை. தேர்வு அட்டவணை வந்த அன்றே காலண்டரில் உத்திரத்தைக் குறித்து, அதற்கு அடுத்துவரும் பாடத்தை நாலு நாள் முன்பே முடித்துவிடுங்கள். தூரத்துக் கோவிலுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரு பக்கத்தில் அடங்குகிற ஒரு மார்க் வினாக்களை எழுதிக் கொடுத்துவிட்டால் வேனில் போகும்போது பார்த்துக்கொள்வார்கள். தேர்வு நாட்களில் தீனியை மாற்றாதீர்கள். அல்வா வாங்கவேண்டும் என்று ஆசையிருந்தால் ஹால் டிக்கெட் வந்த அன்று ஒரு கிலோ வாங்கி முப்பது பேருக்கும் சரிசமமாகப் பங்கிடுங்கள், ஆளுக்கு முப்பது கிராமுக்கு மேலேயே வரும்.